குறுக்கே போட்ட கயிறு

அத்தியாயம் 9

அட்டாலிப் பரணில் கிடந்த அந்த ராட்டை மறுபடி சுற்றத் தொடங்கி அன்றோடு நாற்பத்தொரு நாள். வீட்டில் அதை எண்ணிக்கொண்டு வந்தவள் ராமாயி ஒருத்திதான்.

அது அவளுடைய மாமியார் சென்னியம்மாளின் ராட்டை. சென்னியம்மாளுடைய அம்மாவுக்கும் முந்திய காலத்தில் வேங்கை மரத்தில் செய்தது. கண்ணை மூடுவதற்கு முந்திய வாரம் அந்த அம்மாள் மூத்த மருமகளைக் கட்டிலோரம் கூப்பிட்டு, இது உனக்குத்தான் அம்மிணி என்று சொல்லியிருந்தாள். அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அதன் பிறகு ஆரக்கால் இரண்டு உடைந்தன, கதிர் வளைந்தது, ராட்டை அட்டாலிக்கு ஏறிவிட்டது.

ஒன்பது வருடம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது ராமாயி தன் கணவன் சென்னிமலையிடம் அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டாள். முடியாது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. "செஞ்சறலாம்" என்பான். அவனுக்கு அந்த ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடும்.

கொழுந்தன் ராசப்பனிடம் அவன் மனைவி வசந்தாமணி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். கல்யாணமாகி ஒன்பதாவது மாதம். பதினைந்தாம் நாள் ராட்டை சுற்றியது.

ராசப்பன் வேலை செய்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. உடைந்த ஆரக்கால்களுக்கு வேங்கையே தேடிப் பிடித்து இழைத்தான். அச்சு ஓடி ஓடித் துளை அகன்று போயிருந்தது. அதற்குள் ஒரு மூங்கில் குழலைச் செதுக்கி இறுக்கினான். கதிர்தான் அவனைப் படுத்தியது. கதிர் என்றால் நூல் சுற்றிக்கொள்ளும் இரும்புக் கம்பி. அது எள்ளளவு வளைந்திருந்தாலும் நுனி ஆடும், ஆடினால் நூல் அறும். அவன் அதைச் சமமான ஒரு பலகைக்கல்லில் வைத்து உருட்டினான். கம்பிக்கும் கல்லுக்கும் நடுவே எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே புளியமரக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. மறுபடி உருட்டு, மறுபடி ஒரு தட்டு. மூன்று நாள் இதே வேலை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரவில்லை. அதை ராமாயி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு தொல்லை மிஞ்சியது. சக்கரத்தையும் கதிரையும் சேர்க்கிற கயிறு வழுக்கியது. கை ஒரு சுற்றுச் சுற்றினால் கதிருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது.

ராசப்பன் கல்யாணத்துக்கு முன் பள்ளிபாளையத்துப் பக்கம் எண்ணெய் எஞ்சின் வைத்த ஒரு அரவை மில்லில் இரண்டு வருடம் இருந்தவன். அங்கே பெல்ட் வழுக்கினால், அதைக் கழற்றி, விரித்த கத்தரிக்கோலைப் போல நடுவில் குறுக்கே விட்டு மாட்டுவார்கள். அப்போது பெல்ட் உருளையை இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டிப்பிடிக்கும். இதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அதையே இங்கேயும் செய்தான். வழுக்கல் நின்றது.

ஆனால் குறுக்கே போட்ட பெல்ட் கூடவே இன்னொரு காரியமும் செய்யும். மறுமுனையில் இருப்பதை எதிர்ப்பக்கமாகச் சுற்றவைக்கும். மில்லில் அதற்குத் தக்கபடி மற்றவற்றை மாற்றிக்கொள்வார்கள். ராட்டையில் மாற்ற வேறு எதுவும் இல்லை. கதிர் எதிர்ப்பக்கம் சுற்றினால் நூலின் முறுக்கும் எதிர்ப்பக்கம்தான் விழும். ஊரெல்லாம் வலப்பக்கம் முறுக்கிய நூல் என்றால், இந்த ராட்டையில் இடப்பக்கம்.

வசந்தாமணிக்கு இது தெரிய வழியில்லை. அவள் பிறந்த ஊரில் மில் நூல்தான் புழக்கம். நூற்கக் கற்றதே இந்த ராட்டையில்தான். கதர்க் கடையிலும் நூலை எடை போட்டு மெல்லிசுக்கான நம்பர் பார்ப்பார்களே தவிர, முறுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கிறவர் கிடையாது. இருபதாம் நம்பருக்குக் குறையவில்லை, கை நல்ல கை என்று பாராட்டித்தான் அனுப்பினார்கள்.

ராமாயிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. நூல் கதிருக்கு மேல்பக்கமாக ஏறாமல் கீழ்ப்பக்கமாக ஏறியதைப் பார்த்தாள். பார்த்ததும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் வசந்தாமணி கணவன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவனும் சிரித்தான். ராமாயி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சொல்லவில்லை.

மாமனார் சின்னண்ணன் கதர் தவிர வேறு கட்டாதவர். இந்த வருடம் மாரியம்மன் பண்டிகைக்குத் தான் கட்டும் வேட்டி இரண்டு மருமகள்களும் பாதிப் பாதி நூற்ற நூலில் ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நூல் வெண்ணந்தூர் நெசவாளர் பச்சமுத்துவிடம் போயிற்று. போன நாலாம் நாள் அங்கிருந்து ஆள் வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நூலில் ஏதோ கோளாறு, நூற்றவர்களே வந்து பார்த்தால் நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இரண்டு பெண்களும் விடிந்ததும் கிளம்பினார்கள். வண்டி ஓட்டியவன் ராசப்பன். வசந்தாமணி மூன்று மாதம் முழுகாமல் இருந்ததால் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தையை நாலாக மடித்துப் போட்டிருந்தான். பள்ளம் வரும் இடமெல்லாம் இறங்கி மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"இப்புடி வந்து உக்காருங்கக்கா, மெத்தையில எடம் கெடக்குது" என்றாள் வசந்தாமணி.

"எனக்கு என்னத்துக்கு அம்மிணி மெத்தை. நான் ரெண்டு பெத்தவ. ரெண்டுக்கும் வெறும் வண்டிதான்."

வசந்தாமணி அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவளிடம் ராமாயிக்குப் பிடிக்காத குணமே அதுதான். எதைச் சொன்னாலும் உறைக்காது.

வெண்ணந்தூரில் இறங்கியதும் ராசப்பன் கலப்பைக்குக் கொழு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டான். பச்சமுத்துவின் வீட்டுக்குள் பெண்கள் மட்டும் போனார்கள்.

தறியருகில் பச்சமுத்துவின் மனைவி பெருமாயி சாம்பல் கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்திருந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடிந்தால் அதன் நுனிகளை அறுத்து எறிய மாட்டார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பிணைப்பார்கள். ஆயிரத்துக்கு மேல் இழைகள். முடிச்சுப் போடுவது கிடையாது, முடிச்சு தறியில் மாட்டும். இரண்டு நுனிகளையும் ஒன்றாக வைத்துச் சாம்பல் தொட்ட கட்டைவிரலால் ஒரே ஒரு உருட்டு. இரண்டும் ஒன்றாக முறுக்கிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. பெருமாயியின் விரலுக்கு அதில் முப்பது வருடப் பழக்கம்.

அவள் ராமாயியின் நூலில் ஓர் இழை எடுத்து உருட்டி இழுத்துக் காட்டினாள். நின்றது. பிறகு மற்றப் பாதியிலிருந்து ஓர் இழை. அதே உருட்டு. இழுத்ததும் வெண்ணெயில் இருந்து மயிர் வருவதுபோல் கழன்று வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"நூத்தது யாருங்க அம்மிணி?"

வசந்தாமணி தான்தான் என்றாள். கை தப்பிவிட்டதா என்றும் கேட்டாள்.

"கை தப்புனா அங்கொண்ணு இங்கொண்ணு தப்புமுங்க. இது தலையில இருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா எடமுறுக்கு." பெருமாயி சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "எங்களுக்குள்ள எழவூட்டுப் பாடைக் கயிறு மட்டுந்தான் எடப்பக்கமாத் திரிப்போம். நல்ல காரியத்துக்கு அதைத் தொட மாட்டோமுங்க. ராட்டை யாருதுங்க?"

"எங்க அத்தையோடது" என்றாள் வசந்தாமணி. "அவங்க காலமாயி ஒம்பது வருசமாச்சு."

பெருமாயி கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள். வைத்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.  அவள் பார்வை வசந்தாமணியின் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கி, உடனே வேறு பக்கம் திரும்பியது.

ஒரு வாக்கியம் போதும். கயிறு குறுக்கே கிடக்கிறது, அவ்வளவுதான் என்று ராமாயி சொல்லியிருந்தால், பெருமாயி விரலை எதிர்ப்பக்கம் உருட்டிப் பார்த்திருப்பாள். இழை நின்றிருக்கும். எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராமாயி அந்த வாக்கியத்தை நாக்கு நுனி வரை கொண்டுவந்தாள். அப்போது பச்சமுத்து, இந்தப் பாதியை எடுத்துவிட்டு மூத்த அம்மிணியே மீதியும் கொடுத்தால் பண்டிகைக்குள் வேட்டியை முடித்துவிடலாம் என்றார்.

"எங்கிட்ட இருக்குது" என்றாள் ராமாயி. "நாளைக்கே அனுப்பியுடறேன்."

அவ்வளவு நூல் கையில் இருந்ததற்குக் காரணம், இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்து அவள் நாற்பது நாளாகச் சேர்த்து வைத்ததுதான்.

திரும்பும் வழியில் வசந்தாமணி மெத்தையில் உட்காரவில்லை. வண்டியின் பின்பக்கம் ராமாயியை ஒட்டி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராசப்பன் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, நூல் சரியில்லையாம் என்பதோடு நிறுத்திவிட்டாள். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான், முன்னால் இருந்த அவனுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"அத்தைக்கு நான் அதைத் தொட்டது புடிக்கலீங்களாட்டம் இருக்குதுக்கா."

ராமாயி முன்னால் ராசப்பனின் முதுகைப் பார்த்தாள்.

"எனக்கு அது வேண்டாமுங்க. வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தாப் போதும். நீங்க எடுத்துக்குங்க. உங்களை அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீங்கதான அவங்களைக் கடைசி வரைக்கும் பாத்தீங்க."

ஒன்பது வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ராமாயி காத்திருந்த பேச்சு அது. கணவன் சொல்லவில்லை, மாமனார் சொல்லவில்லை. இந்தச் சிறுசு சொல்லிவிட்டது. ஒரு தடவை, உனக்குச் செய்தது உன்னிடமே இருக்கட்டும் என்று ராமாயி முறைக்கு மறுத்தாள். இரண்டாம் தடவை மறுக்கவில்லை.

வீடு வந்ததும் வசந்தாமணி ராட்டையைத் தொடக்கூட அஞ்சினாள். ராமாயியே தூக்கிக்கொண்டு போய்த் தன் அறை ஜன்னலோரம் வைத்தாள். சென்னிமலை தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அட, இது சுத்துதா?"

"நாப்பது நாளாச் சுத்துதுங்க" என்றாள்.

"நானே செஞ்சறலாம்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் மோர் குடிக்கப் போனான்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ராமாயி பஞ்சுப் பட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ராட்டையின் முன் உட்கார்ந்தாள். பஞ்சுப் பட்டை என்பது வில்லால் கொட்டிய பஞ்சை விரல் கனத்துக்கு உருட்டி வைத்திருப்பது. அதன் நுனியிலிருந்துதான் நூல் இறங்கும். அவள் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை, நூலும் இழுத்துப் பார்க்கவில்லை. முதல் காரியமாகக் கதிரிலிருந்து கயிற்றின் வளையத்தைக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி, மறுபடி மாட்டினாள். குறுக்கு மறைந்து கயிறு நேராக ஓடியது. மடியிலிருந்து குங்கிலியப் பிசின் துண்டு ஒன்றை எடுத்துக் கயிறு நெடுகத் தேய்த்தாள். பிறகு சக்கரத்தைச் சுற்றினாள். வழுக்கவில்லை. நூல் கதிருக்கு மேல்பக்கமாக ஏறியது. வேங்கை மரம் சத்தமே இல்லாமல் சுழன்றது. எவ்வளவு நல்ல ராட்டை. மூன்று நாள் தட்டித் தட்டி நேராக்கிய கதிர் ஒரு துளிகூட ஆடவில்லை.  அந்தத் தட்டு ஒவ்வொன்றும் இன்னொருத்திக்காகத் தட்டியது.

நிமிர்ந்தபோது வாசலில் ராசப்பன் நின்றான். அவனுக்குப் பின்னால் வசந்தாமணி, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் மனைவியை அந்தப் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள். "நங்கையா, வழுக்கலீங்களா?" என்றான் அவன். முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. நேராகப் போட்டு அவனும் எத்தனையோ தரம் பார்த்தான், நிற்கவில்லையாம்.

"பாத்தீங்களா" என்று வசந்தாமணி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா கை பட்டதும் அது நேரா ஓடுது. அத்தை யாருக்குக் குடுத்தாங்கன்னு இதுல இருந்தே தெரியுது."

அதோடு ராமாயி பேசாமல் இருந்திருக்கலாம். ராட்டையும் அவளுடையது, மாமியாரின் சாட்சியும் அவள் பக்கம். ஆனால் நூற்கத் தெரிந்தவள் அவள். பேய் பிடித்த ராட்டை என்று யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குள் இருந்த தொழில் இடம் கொடுக்கவில்லை. கொழுந்தனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

"வழுக்குனா குங்கிலியம் தேய்க்கோணும் தம்பி, கயித்தைக் குறுக்கே போடக் கூடாது. மில்லு வேற, ராட்டை வேற. கதிரு திரும்பிச் சுத்துனா முறுக்கும் திரும்பித்தான் உளுகும். நீ மாட்டறப்பவே நான் நெனச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வாக்கியம் அவள் காதிலேயே விழுந்தது.

ராசப்பன் கயிற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மில்லில் வேலை செய்தவன், பெல்ட்டின் கணக்கு அவனுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. வெண்ணந்தூரில் நூலுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பி மனைவியிடம் கேட்டான். இந்தத் தடவை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எடமுறுக்கு, பாடைக் கயிறு, பெருமாயி விரலைத் துடைத்தது, தன் வயிற்றைப் பார்த்தது. சொல்லச் சொல்ல அவள் குரலில் பயம் குறைந்து வேறு ஏதோ ஏறிக்கொண்டு வந்தது.

"நான் மாட்டுனது தப்பு, அது என்ற தப்பு" என்றான் ராசப்பன். "ஏனுங்க நங்கையா, அவத்த, வெண்ணந்தூர்ல, அந்தம்மா அப்புடிப் பேசறப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"எப்ப இருந்துங்க?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. நேற்று என்று சொல்லலாம், இன்று காலை என்று சொல்லலாம். அவன் நம்புவான். ராமாயி கையிலிருந்த பஞ்சுப் பட்டையைப் பார்த்துக்கொண்டே, "மொத நாளே" என்றாள்.

 ராசப்பன்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டான், தப்புச் செய்தவன் அவன் என்பது போல.

வசந்தாமணி நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். ராட்டையைச் சுற்றி நடந்து வந்து ராமாயிக்கு எதிரில் நின்றாள். அழவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பதினோரு மாதத்தில் முதல் தடவையாக ராமாயி சொன்ன ஒன்று அவளுக்கு உறைத்திருந்தது.

"அக்கா, ராட்டை உங்களுதே. குடுத்தது குடுத்ததுதான்" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, வண்டியைப் பூட்டச் சொன்னாள்.

அவன் விழித்தான். பொழுது இறங்கப் போகிற நேரத்தில் எங்கே என்று கேட்டான்.

"வெண்ணந்தூருக்குங்க. பெருமாயியக்கா இந்நேரம் நாலு ஊட்டுல சொல்லியிருப்பாங்க. நாளைக்குச் சந்தை. நாளைக்குப் பொழுதோட என்ற வயித்துல பேய் இருக்குதுன்னு ஊரே பேசும், மாமா காதுக்கும் வரும். அதுக்கு முந்தி அக்கா வந்து, கயிறு குறுக்கே கெடந்துச்சு, எனக்கு மொத நாளே தெரியும்னு அவங்க வாயால சொல்லோணும். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னாலும் பொண்டாட்டிக்காகச் சொல்றீங்கன்னுதான் சொல்லுவாங்க."

ராசப்பன் அண்ணன் மனைவியைப் பார்த்தான். வண்டியைப் பூட்ட வெளியே போனான்.

வெண்ணந்தூரில் பெருமாயி முன்னால், பச்சமுத்து முன்னால், வேடிக்கை பார்க்கக் கூடும் தெருவின் முன்னால் மொத நாளே தெரியும் என்று ராமாயி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மாமனார் முன்னால். அவர் அந்த வேட்டியை யார் நூலில் கட்டிக்கொள்வார் என்பது அப்புறம்.

"வாரீங்களாக்கா?" என்றாள் வசந்தாமணி.

கொட்டகையில் மாட்டின் சலங்கை குலுங்கியது. நுகத்தடி இறங்கும் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து சென்னிமலை, இந்நேரத்துக்கு வண்டி எங்கே போகுது என்று குரல் கொடுத்தான்.  ராமாயி எழுந்து நின்றாள். ஒரு கை மட்டும் ராட்டையின் ஆரக்காலை விடாமல் பிடித்திருந்தது.